ஹாலோவீன் ராத்திரி மிட்டாய் தீரப்போகிறதா? கார் சாவியைக் கீழே வையுங்கள்

அக்டோபர் 31, மணி ஆறரை. வெளியே இப்போதுதான் நன்றாக இருட்டியிருக்கிறது, வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வரும் பிள்ளைகள் தெருமுனையில் இன்னும் மூன்று கூட்டமாக வருகிறார்கள், உங்கள் கையிலிருக்கும் கிண்ணத்தின் அடி தெரிகிறது. அமெரிக்கப் புறநகரில் தனி வீடு வாங்கிக் குடியேறிய முதல் வருஷம் நம்மில் பலருக்கு இது நடக்கிறது. அபார்ட்மெண்டில் இருந்தவரை யாரும் வந்து கதவைத் தட்டியதில்லை, அதனால் ஒரு பை வாங்கினால் போதும் என்று நினைத்திருப்போம். நடைபாதை உள்ள தெரு, நெருக்கமான வீடுகள், நடக்கிற தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி என்று அமைந்துவிட்டால் கணக்கே வேறு. பக்கத்துப் பேட்டையிலிருந்து காரில் கூட்டிவந்து இறக்கிவிடுகிறவர்களும் உண்டு, அதில் தப்பொன்றும் இல்லை.

இந்த நேரத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கடைக்கு ஓடுவது. வேண்டாம், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போய், நிறுத்தி, எடுத்து, வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். கூட்டம் அதிகமாக இருப்பதே ஒன்றரை மணி நேரம்தான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. 1975 முதல் 2016 வரை 42 வருஷ விபத்துக் கணக்கை எடுத்து ஆராய்ந்து 2019-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் அபாயம், அதற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் உள்ள மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம். நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது ஏறக்குறைய பத்து மடங்கு. கறுப்புத் துணி போர்த்திய குட்டி வௌவால்கள் நிறுத்தியிருக்கும் கார்களுக்கு நடுவிலிருந்து ரோட்டுக்கு ஓடிவரும் அதே நேரத்தில், மிட்டாய்க்காக அவசர அவசரமாக வண்டியைப் பின்னோக்கி எடுப்பது தேவையில்லாத வேலை.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் கிண்ணத்தை நீட்டுவதை நிறுத்துங்கள்

பாதி வீடுகளில் மிட்டாய் தீர்வதற்குக் காரணம் கூட்டம் இல்லை, கிண்ணத்தை அப்படியே பிள்ளைகள் முன்னால் நீட்டுவதுதான். நாலு வயசுக் குழந்தை ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கும். பத்து வயசுப் பையன் கையை விட்டான் என்றால் அஞ்சு வரும். கிண்ணத்தை உள்ளே ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு நீங்களே ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் பையில் போடுங்கள். ஒருவருக்கு ஒன்று. போடும்போது வேஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்: நீ என்ன டைனோசர், வால் யார் தைத்தது, பல் நிஜமா. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் கொடுத்தது ஒன்றா மூன்றா என்பது நினைவிருக்காது, வாலைப் பாராட்டியது நினைவிருக்கும். வாசலில் ஒவ்வொரு கூட்டமும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும் என்பதால் உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

அடுத்தது எண்ணிப் பார்ப்பது. கிண்ணத்தில் உள்ளதைத் தரையில் கொட்டி உண்மையிலேயே எண்ணுங்கள், கண்ணளவு வேண்டாம். நியூ ஜெர்சி மாதிரி இடங்களில் சிறுசுகள் அஞ்சு மணிக்கே அப்பா அம்மாவோடு வரத் தொடங்கிவிடும், ஆறு முதல் ஏழரை வரைதான் உச்சம், எட்டு மணிக்கு மேல் வருகிறவர்கள் எல்லாம் வேஷமே போடாமல் தலையணை உறையோடு வரும் பெரிய பையன்கள். இப்போது ஏழேகால் என்றால் பெரும்பாலானவர்கள் வந்துபோய்விட்டார்கள், இருபது முப்பது மிட்டாய் இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. இப்போது ஆறு மணி, கையில் முப்பது என்றால் மேலே படியுங்கள். சில ஊர்களில் நகராட்சியே இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று அறிவித்துவிடும், நகராட்சியின் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வழியில் ஒரு சேதி: கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கும் கோடைக்கால நேரம் 2007-ல் நவம்பரின் முதல் ஞாயிறு வரை நீட்டிக்கப்பட்டது. அதற்கு முன் அக்டோபர் கடைசி ஞாயிறன்றே கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதனால் ஹாலோவீன் அன்று அஞ்சு மணிக்கே இருட்டிவிடும். இப்போது ஒரு மணி நேரம் கூடுதல் வெளிச்சம். பிள்ளைகளுக்கு நல்லது, கிண்ணத்துக்குத்தான் கஷ்டம்.

வீட்டுக்குள் என்ன இருக்கிறது

ஒரே ஒரு விதி: தொழிற்சாலையில் தனித்தனியாக உறை போட்டு ஒட்டி வந்ததாக இருக்க வேண்டும், உறை மேல் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் செய்தது எதுவும் கூடாது. தீபாவளிக்குப் பிடித்த லட்டு எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் சரி, முறுக்கை ஜிப்லாக் பையில் போட்டு ரிப்பன் கட்டினாலும் சரி, அது அந்த வீட்டுக் குப்பைக் கூடைக்குத்தான் போகும். உங்களை அவமதிக்க அப்படிச் செய்வதில்லை. இந்த ஊர்ப் பெற்றோர் ஐம்பது வருஷமாக அப்படிப் பழகியிருக்கிறார்கள்.

காரணம் 1974-ல் டெக்ஸஸில் நடந்தது. ரொனால்ட் ஓ'பிரையன் என்பவர் ஹாலோவீன் ராத்திரி தன் எட்டு வயசு மகனுக்கே இன்சூரன்ஸ் பணத்துக்காக மிட்டாய்ப் பொடியில் சயனைடு கலந்து கொடுத்தார், பையன் இறந்துபோனான், 1984-ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1982-ல் சிகாகோ பக்கம் டைலினால் மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்ததும் பயம் இன்னும் கூடியது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் பல பத்தாண்டுச் செய்திகளைத் தோண்டிப் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் ஹாலோவீன் மிட்டாயில் விஷம் வைத்து ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுகூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ஆனால் பயம் புள்ளிவிவரம் பார்த்து வருவதில்லையே. ஆறரை மணிக்கு வாசலில் நின்று அதைப் பேசித் தீர்க்கவும் முடியாது. உறை உள்ளதைக் கொடுங்கள், லட்டை நீங்கள் சாப்பிடுங்கள்.

சரி, சமையலறை அலமாரியைத் திறங்கள். பள்ளிக்கூட லஞ்ச் பாக்ஸுக்கு என்று வாங்கிவைத்த எல்லாமே இப்போது உதவும்: கோல்ட்ஃபிஷ் பிஸ்கட் குட்டிப் பைகள், ஓரியோ சின்னப் பாக்கெட், சிப்ஸ், பழ கம்மி, ஆப்பிள் சாஸ் பை, ஜூஸ் டப்பா. மைக்ரோவேவ் பாப்கார்ன் பாக்கெட் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், பத்து வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு அது கிட்கேட்டைவிடப் பெரிய சந்தோஷம். ஹாட் சாக்லேட் பொடிப் பாக்கெட்டும் அப்படித்தான். கூட நிற்கும் அப்பாவுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தால் அவர் வாழ்நாளுக்கும் உங்களை மறக்க மாட்டார்.

இந்தியக் கடையில் வாங்கிய சாமான்கள் நம் வீட்டில் மட்டும் இருக்கும் கூடுதல் பலம். குட்டி பார்லே-ஜி பாக்கெட், எக்ளேர்ஸ், மாங்கோ பைட் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம், பெரிய பிள்ளைகள் இது என்ன என்று ஆசையாக வாங்கிக்கொள்வார்கள். பல்ஸ் மிட்டாய் மட்டும் கொஞ்சம் யோசித்துக் கொடுங்கள். நடுவில் இருக்கும் உப்பு காரப் பொடி ஒரு ஆறு வயசுப் பிள்ளையின் நாக்கில் திடீரென்று கொட்டும்போது அதன் முகம் போகும் போக்கைப் பார்க்க நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள், அதன் அம்மாதான் இருப்பாள். எட்டு மணிக்கு மேல் வரும் தடியன்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் திரும்பி வந்து இன்னொன்று கேட்பார்கள். கடலை மிட்டாய் வேண்டாம், உறை போட்டதாக இருந்தாலும் வேண்டாம். வேர்க்கடலை ஒவ்வாமை இங்கே விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. ஸ்னிக்கர்ஸிலும் ரீஸஸிலும் கடலை இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அதன் உறையைப் பார்த்தவுடனே எந்தப் பெற்றோருக்கும் உள்ளே என்ன என்று தெரியும், எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்கள். நம் கடலை மிட்டாயை அவர்களுக்கு அடையாளம் தெரியாது.

நாலு வயசுக்கு உட்பட்டவர்களுக்குக் கெட்டி மிட்டாய் எதையும் போடாதீர்கள், தொண்டையில் மாட்டும். அவர்களுக்கு ஆப்பிள் சாஸ் பை, இல்லாவிட்டால் ஒரு ஸ்டிக்கர். இருமல் மிட்டாய், விட்டமின் கம்மி, தூக்கத்துக்குப் போடும் கம்மி இவையெல்லாம் மிட்டாய் மாதிரிதான் இருக்கும், அவசரத்தில் கை போய்விடும், அந்த அலமாரிப் பக்கமே போக வேண்டாம். யாரோ பரிசாகக் கொடுத்த வெளிநாட்டுச் சாக்லேட் பெட்டியைப் பிரிப்பதாக இருந்தால் உள்ளே மது ஊற்றியதா என்று ஒரு தடவை படித்துவிடுங்கள்.

தின்பதற்கு ஒன்றும் இல்லையா

அப்படியானால் பரண், அல்லது மாஸ்டர் பெட்ரூம் கிளாசெட்டின் மேல் தட்டு. பிறந்தநாளுக்கு வாங்கி மீந்த ரிட்டர்ன் கிஃப்ட் பை அங்கே இல்லாத தமிழ் வீடு உண்டா? பென்சில், ரப்பர், சோப்புக்குமிழி டப்பா, குட்டிக் கார், இருட்டில் மின்னும் வளையம். நவராத்திரி முடிந்து சில வாரம்தான் ஆகியிருக்கும், கொலுவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க மொத்தமாக வாங்கியதில் ஹேர் கிளிப்பும் குட்டிப் பர்ஸும் மிச்சம் இருக்கும், அதையும் எடுங்கள். மஞ்சள் குங்குமப் பாக்கெட்டை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள், ஸ்பைடர்மேனுக்கு அது எதற்கு.

மிட்டாய்க்குப் பதில் பொம்மை கொடுப்பது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. 2014 முதல் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக ஒரு இயக்கமே நாடு முழுக்க நடக்கிறது: வாசலில் பச்சை கலந்த நீல நிறப் பூசணிக்காய் வைத்திருந்தால் இந்த வீட்டில் தின்பண்டம் அல்லாததும் கிடைக்கும் என்று அர்த்தம். டென்னஸி மாநிலத்தில் ஒரு அம்மா தொடங்கியது, பிறகு நாடு தழுவிய ஒவ்வாமை அமைப்பு ஒன்று எடுத்து நடத்துகிறது. ஒரு பொம்மைக் கிண்ணம் தனியாக இருந்தால் அதைக் கண்டு முகம் மலரும் ஒரு குழந்தையாவது அன்று வரும்.

காசும் கொடுக்கலாம். எல்லார் வீட்டிலும் சில்லறை போட்டுவைக்கும் ஒரு ஜாடி இருக்கிறது. ஒரு குவார்ட்டர், அதாவது 25 சென்ட் காசு, பத்து வயசுக்கு மேல் என்றால் இரண்டு. ஆளுக்கு ஒன்றாக நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் பத்து டாலர், ஒரு பெரிய மிட்டாய்ப் பை விலையைவிடக் குறைவு. ஒரு சென்ட் பென்னியைக் கொடுக்காதீர்கள், ஒன்றும் கொடுக்காமல் விட்டாலாவது மரியாதை இருக்கும்.

நம் வீட்டுப் பிள்ளை, பக்கத்து வீட்டு மாமி

ஏழு மணி வாக்கில் உங்கள் பிள்ளையே ஒரு சுற்று முடித்துப் பை நிறைய மிட்டாயோடு வருவான். நேராக ஹால் தரையில் கொட்டி வகை பிரிப்பான்: சாக்லேட் ஒரு குவியல், புளிப்பு ஒரு குவியல், யாருக்கும் பிடிக்காதது ஒரு குவியல். அந்த மூன்றாவது குவியல் உங்களுக்கு வேண்டியது. கேட்டு வாங்குங்கள். அவன் பார்க்காத நேரத்தில் எடுத்தீர்கள் என்றால் கிறிஸ்துமஸ் வரை சொல்லிக்காட்டுவான். அவனையே வாசலில் உட்காரவைத்துக் கொடுக்கச் சொல்வது இன்னும் நல்ல யோசனை. தன் கையிலிருந்து போகும்போது பிள்ளைகள் காட்டும் சிக்கனத்தை நம்மால் காட்ட முடியாது. மூன்று டாலர் கொடுத்து ஒரு குவியலை மொத்தமாக விலைக்கு வாங்கிக்கொள்ளும் வீடுகளும் உண்டு, அதுவும் நியாயமான வியாபாரம்தான்.

அதே சமயம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுங்கள். ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர் காஸ்ட்கோவில் 150 உருப்படி உள்ள பெரிய பையை இரண்டாக வாங்கி, முட்டுச் சந்தில் இருப்பதால் ஆளே வராமல் உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டில் மீந்தால் அதை அவரேதான் தின்று தீர்க்க வேண்டும், அந்தக் கவலையில் இருப்பவரிடம் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். பெரிய பிள்ளை இருந்தால் நடந்தே போய் வாங்கிவரச் சொல்லுங்கள், அஞ்சு நிமிஷம்.

கிண்ணத்தை வெளியே வைத்துவிட்டுப் போகலாமா

இருவரும் பிள்ளைகளோடு சுற்றப் போக வேண்டியிருந்தால் வாசலில் கிண்ணத்தை வைத்து, ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். கையிருப்பு குறைவாக இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். சியாட்டிலில் 27 வீடுகளில் 1,352 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்து 1976-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரப் பெண் உள்ளே போய்விடுவார், மறைந்திருந்து ஒருவர் எண்ணுவார். பேர் சொல்லாமல் கூட்டமாக வந்தவர்களில் பாதிக்கு மேல் கூடுதலாக எடுத்தார்கள். பேரும் வீடும் கேட்கப்பட்டு, தனியாக வந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட அப்படிச் செய்யவில்லை. 1979-ல் வெளியான இன்னொரு ஆய்வில் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடியை வைத்தார்கள், பேர் சொன்ன பிள்ளைகள் தங்கள் முகத்தையும் கண்ணாடியில் பார்த்ததும் திருட்டு இன்னும் குறைந்தது. ஆகவே வெளியே வைத்தே தீர வேண்டும் என்றால் பாதியை மட்டும் வையுங்கள், பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்துவையுங்கள். ஹாலோவீன் அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கடைக்குத்தான் போக வேண்டும் என்றால்

இருவரில் ஒருவர் போங்கள், இன்னொருவர் வாசலைப் பார்த்துக்கொள்ளட்டும். மெதுவாக ஓட்டுங்கள், தெருவைத் தாண்டும்வரை நடக்கிற வேகம்தான். காஸ்ட்கோ, வால்மார்ட் பக்கம் போகாதீர்கள், உள்ளே நடப்பதற்கே பத்து நிமிஷம், அதுவும் சனி ஞாயிறு என்றால் காஸ்ட்கோ சீக்கிரமே மூடிவிடும். அருகில் உள்ள சிவிஎஸ், வால்கிரீன்ஸ், டாலர் ட்ரீ, அதுவும் இல்லாவிட்டால் பெட்ரோல் பங்க். ஹாலோவீன் வரிசை துடைத்துவைத்த மாதிரி இருக்கும், அங்கே மிஞ்சியிருப்பது காலி அட்டைப்பெட்டியும் இரண்டு பை கேண்டி கார்னும்தான். அதைப் பார்த்து மனம் உடைந்து திரும்புகிறவர்கள் நிறைய. நீங்கள் வருஷம் முழுக்க மிட்டாய் விற்கும் சாதாரண வரிசைக்குப் போங்கள், அங்கே ஸ்கிட்டில்ஸும் எம் அண்ட் எம்ஸும் எப்போதும் போல் இருக்கும். சில கடைகளில் கிறிஸ்துமஸ் சரக்கை அதற்குள் இறக்கியிருப்பார்கள், சிவப்புப் பச்சை உறை போட்ட அதே சாக்லேட்தான், ஒரு பிள்ளையும் கேள்வி கேட்காது. சிப்ஸ் வரிசையில் இருபது, முப்பது சின்னப் பை சேர்ந்த பெட்டி இருக்கும், எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் நல்ல தேர்வு. ஃபோனில் ஆர்டர் செய்து வரவழைப்பதை அன்று நம்ப வேண்டாம், கேட்டது இல்லை என்று வேறொன்றை எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு வந்து நிற்பார்கள்.

விளக்கை அணைப்பது

எதுவும் சரிவரவில்லை, கிண்ணம் காலி. வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள், அவ்வளவுதான். எரிந்தால் வரலாம், அணைந்தால் வர வேண்டாம் என்பது இந்த நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வழக்கம். வெட்டிவைத்த பூசணிக்குள் எரியும் விளக்கையும் அணையுங்கள், நடைபாதை ஓரத்துச் சோலார் விளக்கைக்கூட முடிந்தால் கவிழ்த்துவையுங்கள். நம் வீட்டுப் பிரச்சினை வேறு ஒன்று: தீபாவளி சீரியல் லைட். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், அக்டோபர் 31. வாசலில் கோலம், அகல் விளக்கு, மாடியிலிருந்து தொங்கும் வண்ண விளக்கு என்று வீடு தேர் மாதிரி ஜொலித்தால் எந்தப் பிள்ளை வராமல் போகும்? தீபாவளி பக்கத்தில் வரும் வருஷங்களில் சீரியல் லைட்டை அணைக்க மனம் வராவிட்டால், கேண்டி தீர்ந்துவிட்டது, ஹாப்பி ஹாலோவீன் என்று ஒரு தாளில் பெரிசாக ஆங்கிலத்தில் எழுதி, படிக்கட்டு ஏறுவதற்கு முன்பே கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். கதவில் ஒட்டினால் ஏறிவந்து படித்துவிட்டு மணியையும் அடிப்பார்கள்.

அப்படியும் ஒன்றிரண்டு பேர் மணி அடிப்பார்கள். திறந்து, தீர்ந்துவிட்டதப்பா, வேஷம் பிரமாதம் என்று சொல்லி அனுப்பலாம். யாரும் கோபத்தில் வீட்டு மேல் முட்டையெல்லாம் வீச மாட்டார்கள். நியூ ஜெர்சியில் முட்டையும் டாய்லெட் பேப்பரும் வீசுகிறவர்கள் அதை அக்டோபர் 30 ராத்திரியே முடித்துவிடுவார்கள், அதற்கும் உங்கள் கிண்ணத்துக்கும் சம்பந்தம் இல்லை.

நவம்பர் 1 காலையில் மிச்ச ஹாலோவீன் சரக்கைப் பாதி விலைக்குப் போடுவார்கள். சாக்லேட்டை அடுத்த வருஷத்துக்கு என்று வாங்கிவைக்க வேண்டாம், கோடைக்கு முன்னாலேயே வெளுத்துப்போகும், அல்லது நீங்களே தின்றுவிடுவீர்கள். பென்சில், ஸ்டிக்கர், மின்னும் வளையம், இவற்றை இரண்டு பை வாங்கி ரிட்டர்ன் கிஃப்ட் தட்டிலேயே போட்டுவையுங்கள். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதை ஃபோன் காலண்டரில் அடுத்த அக்டோபர் 20-க்கு நேராகக் குறித்துவையுங்கள். ஹாலோவீன் சனிக்கிழமையில் வந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், மழை பெய்தால் பாதியாகும்.